கத்தரிக்காய் கழுவுகிற படம்

முந்திரிப்பழம் நாக்குக்குச் சர்க்கரை, தொண்டைக்கு அரம். கடித்த உடனே சாறு முழங்கை வரை வழியும், வாய் முழுக்க இனிக்கும், நாமும் ஏமாந்து இன்னொன்றைக் கடிப்போம். ஏழெட்டு உள்ளே போன பிறகுதான் உள்நாக்குக்குக் கீழே யாரோ கம்பளிப்பூச்சியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுபோல் அரிக்க ஆரம்பிக்கும். எங்கள் பக்கத்தில் அதைக் "கமறல்" என்போம். பல்லும் பாதி போன இந்த வயதில், பழத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல், நடுவீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கமறல் எனக்கு வந்தது என்றால் அதற்குக் காரணம் எங்கேயோ இருக்கிற ஒரு ஜப்பான்காரன்.

அரியலூரில் எங்கள் வீடு சுண்ணாம்புக்கல் லாரி போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. வாசல் வேப்பமரத்தின் இலை பச்சையா வெள்ளையா என்பது மழை பெய்தால்தான் தெரியும். அந்த வீட்டுக்குள் என் பேத்தி யாழினி, நான்காம் வகுப்பு படிக்கிறவள், இந்தக் கோடையில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜப்பான் பொம்மைப் படம். கதையைச் சொல்லிவிடுகிறேன், பெரிய வேலை இல்லை. ஒரு சிறுமி கோடை விடுமுறைக்கு மலையடிவாரத்தில் சித்தி வீட்டுக்குப் போகிறாள். தோட்டத்தில் கத்தரிக்காய் பறிக்கிறாள். ஓடையில் கழுவுகிறாள். கழுவுகிறாள் என்றால் நீங்களும் நானும் கழுவுகிற மாதிரி இல்லை, ஒவ்வொரு காயாகத் திருப்பித் திருப்பி, காம்புவரைக்கும் தடவித் தடவி. நான் எழுந்து போய்ப் புளி கரைத்துக் குழம்பு கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோதும் கழுவிக்கொண்டுதான் இருந்தாள். பிறகு சாப்பிடுகிறாள். மழை வருகிறது. மழை நிற்கிறது. மதில் மேல் பாசி பிடித்த உருண்டை ஒன்று, இட்லிப் பானை பருமனில், இரண்டு கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது காட்டுச் சாமியாம். சாமி என்றால் வரம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணையாவது குத்த வேண்டும். இந்தச் சாமி இரண்டும் செய்யாது. படம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் ஒரு கொட்டாவி விடும். அதற்கு என் பேத்தி கண் கலங்குவாள்.

"என்னடி ஆச்சு இப்ப? எவன் செத்தான்?" என்றேன்.

"யாரும் சாகல அப்பாயி. அது கொட்டாவி வுட்டுச்சுல்ல, அழகா இருக்கு."

"ஒங்க தாத்தா வுடாத கொட்டாவியா? ஒரு நாளாவது ஒக்காந்து அழுதிருக்கேனாடி நானு?"

அவள் என்னைத் திருத்துவதற்காக விவரம் சொன்னாள். அந்தப் படத்தை மிஷின் வரையவில்லையாம், ஆட்கள் கையாலேயே வரைந்தார்களாம், ஒரு இலை காற்றில் ஆடுவதை வரையவே ஒருவர் நாள் கணக்கில் உட்காருவாராம். ஆடுகிற இலையை வாசலில் போய்ப் பார்த்தால் ஆகாதா என்று கேட்டேன். வாசலில் இருக்கிற இலை ஆடவில்லை என்றாள். அதுவும் உண்மைதான், சிமெண்டுத் தூசியின் கனத்தில் அதற்கு ஆட வலு இல்லை.

இந்தப் படத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என் மருமகள் சுமதி. திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்திலேயே பார்த்தாளாம். கல்யாணமாகி வந்தபோது கட்டில், பீரோ, தையல் மிஷினோடு இந்தக் கத்தரிக்காயும் சீரில் வந்து சேர்ந்தது. யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது அவளை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தாள், இப்போது யாழினி தானே போட்டுப் பார்க்கிறாள். நம் ஊர்ப் படங்கள் பொங்கலுக்கு வந்தால் தீபாவளிக்குள் கதாநாயகன் பெயரே மறந்துபோகிறது. எத்தனை பேரை வெட்டினான், எத்தனை காரைக் கவிழ்த்தான், பாவம், எல்லாம் வீண். இங்கே ஒருத்தி காயைக் கழுவினாள், அது இத்தனை வருடமாக வாடாமல் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்குப் பித்து, வேறென்ன என்றுதான் நினைத்தேன்.

இந்தக் கோடையில் வீட்டில் தையல் மிஷின் சத்தம் இல்லை. சுமதி குன்னத்தில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். என் மகன் செந்தில் கல் லாரி ஓட்டுகிறான். லாரிக்குள் இருக்கும்போது கத்திப் பேச வேண்டியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வீட்டுக்கு வந்தும் இஞ்சினை நிறுத்த மாட்டான். சட்டைப் பொத்தான் இல்லை என்றால் ஒரு கத்தல், பொத்தான் தைத்துவிட்டால் ஏன் இத்தனை நாள் தைக்கவில்லை என்று அதற்கு ஒரு கத்தல். ஒருநாள், ரவிக்கை அளவு கொடுக்க வந்திருந்த பெண்கள் முன்னாலேயே, தைக்க வைத்திருந்த துணிகளை வாரித் தெருவில் வீசினான். சுமதி வெளியே போய்த் துணியைப் பொறுக்கி, தூசி தட்டி, அந்தந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு என்னிடம் வந்து, "பாப்பா பரீட்ச முடியிற வரைக்கும் ஒங்ககிட்ட இருக்கட்டும் அத்த. நான் குன்னம் போறேன். அவரு வந்து கூப்புட்டாதான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

செந்திலைப் போய் அழைத்துவா என்றேன். அவன் சொன்ன பதிலில்தான் எனக்கு அந்தக் கமறல் வந்தது. "போனவளுக்கு வர வழி தெரியாதா? அதே பஸ்ஸுதான திரும்பி வருது?" என்றான். டிவியில் அந்தச் சிறுமி காயைக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு என் அப்பாவின் குரல் கேட்டது, வார்த்தை மாறாமல்.

சின்ன வயதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓலைக்கூரை, மண்வாசனை, நிலா என்று உருகி ஊற்றுவார்கள். எனக்கு அந்த வியாதி கிடையாது. ஆண்டிமடம் பக்கத்தில், முந்திரிக்காட்டுக்குள் பிறந்து வளர்ந்தவள் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, காடு விடவில்லை. ஜப்பான் படத்தில் அந்தச் சிறுமி மரத்தடியில் படுத்துத் தூங்குகிறாள், காற்று அவள் முடியைக் கோதுகிறது. எங்கள் மரத்தடியில் படுத்தால் கோதுவது "முசுறு". இலைகளை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு மேலே இருக்கும் சிவப்பு எறும்பு. அது இறங்கி வந்து கடித்தால் சொறிந்துகொண்டே ஊர் எல்லைவரை ஓட வேண்டும். விழுந்த பழத்தைப் பொறுக்கி, அடியில் இருக்கிற கொட்டையைத் திருகிக் கூடையில் போட வேண்டும். கொட்டையின் பால் பட்டு விரல் தோல் உரியும். பழத்துக்கு விலை இல்லை, குவித்துப் போட்டால் மத்தியான வெயிலில் கள்ளுக்கடை மாதிரி நாறும். இதற்குப் பின்னால் புல்லாங்குழல் வைத்தால் நீங்களும் கண் கலங்குவீர்கள், சந்தேகமில்லை.

என் அப்பாவுக்கும் பெரிய தொண்டை. கயிற்றைக் காணோம் என்று கத்துவார், கிடைத்துவிட்டால் யார் எடுத்தது என்று கத்துவார், மேகம் கூடினால் மேகத்தைப் பார்த்தே கத்துவார். எனக்கு ஒன்பது வயதாக இருந்த முந்திரிப் பருவத்தில், கொட்டை வாங்க வந்த வியாபாரியின் ஆட்கள் முன்னால், காயாத கொட்டையைக் கலந்துவிட்டாள் என்று சொல்லி அம்மாவின் கூடையை எட்டி உதைத்தார். கொட்டை முழுக்க மண்ணில் சிதறியது. அம்மா குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கிக் கூடையில் போட்டாள். பிறகு இரண்டு சேலையைச் சுருட்டி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். துணியைப் பொறுக்கிய சுமதியை அதற்கு முன்னாலேயே நான் எங்கே பார்த்திருந்தேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

எங்கள் சனத்தில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. கோபித்துக்கொண்டு போனவள் தானாகத் திரும்பி வரக் கூடாது. புருசன் வீட்டு ஆள் அவள் வாசலுக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பார்கள். வாங்கிக் குடித்துவிட்டால் "தண்ணி நனஞ்சாச்சு" என்று பேர். சண்டை தீர்ந்தது, அவளை அனுப்பித்தான் ஆக வேண்டும், இவர்கள் அழைத்துத்தான் ஆக வேண்டும். அதுவரை இந்த வீட்டு ஆள் அந்த வீட்டில் ஒரு மடக்குக்கூடக் குடிக்கக் கூடாது. யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று ஒருத்தரும் வாய் திறக்க வேண்டியதில்லை, அதுதான் இந்தச் சட்டத்தின் சௌகரியம். ஆனால் தண்ணீர் குடிக்க ஆள் நடந்து போக வேண்டுமே. அப்பா நடக்கவில்லை. "போனவளுக்கு வர வழி தெரியாதா? அதே பஸ்ஸுதான திரும்பி வருது?" என்று கேட்டவரிடம், சட்டம் அப்படி இல்லையே என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் தொண்டை இல்லை.

அந்தப் பருவம் முழுக்க நானும் அப்பாவின் அக்கா, என் அத்தையும்தான் காட்டில் கொட்டை திருகினோம். புருசனை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள் அத்தை. வாயில் வெற்றிலையும் கையில் குச்சியும் இல்லாமல் நான் அவளைப் பார்த்ததில்லை. நான் அழுதால், "அழுதா கொட்ட தானா பொறுக்கிக்குமா? குனி" என்பாள். அழாமல் இருந்தால், "ஆத்தா இல்லாத கவல இருக்கா பாரு, கல்லு மாதிரி நிக்கிறா" என்பாள். ஒன்றும் நடக்காத மத்தியானங்கள் அவை. ஒரு பழம் விழும். கொஞ்சம் கழித்து இன்னொரு பழம் விழும். தூரத்தில் பஸ் சத்தம் கேட்கும், நான் நிமிர்ந்து பார்ப்பேன், யாரோ இறங்குவார்கள், அம்மாவாக இருக்காது. அந்த மத்தியானத்தை அப்படியே எடுத்து, முசுறை மட்டும் தட்டிவிட்டு, மேலே பாட்டுப் போட்டு எனக்கே விற்கிறான் ஜப்பான்காரன்.

பருவம் முடிகிற சமயத்தில் அத்தையின் நாத்தனார் வீட்டில் காதுகுத்து வந்தது. அது அம்மா இருந்த ஊர். அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். கிளம்பும்போது பிடரியைப் பிடித்துச் சட்டம் சொன்னாள். "ஒங்கம்மா எதுர வந்தா பேசு, வேணாங்கல. ஆனா அந்த வூட்டுத் தண்ணி ஒரு சொட்டு ஒன் தொண்டையில எறங்குச்சு, ஒங்கப்பன் மானமும் அதோட எறங்கிரும். தெரிஞ்சிக்க."

காதுகுத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஒரு பை நிறைய முந்திரிப்பழம் என் மடியில் இருந்தது. பஸ் ஜன்னல் ஓரம், காற்று, அம்மாவைப் பார்க்கப் போகிற படபடப்பு. படபடப்பு வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது, இன்றுவரை அப்படித்தான். ஊர் வருவதற்குள் பை காலி. தொண்டை முழுக்கக் கமறல்.

பஸ் நின்ற இடத்துக்கு எதிரிலேயே அம்மாயி வீடு. அத்தை கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே இறங்குவதற்குள் நான் ரோட்டைத் தாண்டிவிட்டேன். அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்று கூப்பிட வாயைத் திறந்தால் இருமல்தான் வருகிறது. கண்ணில் நீர், மூக்கில் நீர், குனிந்து இருமுகிறேன், நிற்கவில்லை. அம்மா முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். வந்தவள் கொடுக்காமல் நின்றாள். என்னைப் பார்த்தாள். ரோட்டில் அரக்கப் பரக்க வந்துகொண்டிருந்த அத்தையைப் பார்த்தாள். கையில் இருந்த சொம்பைப் பார்த்தாள். பிறகு என் வாயில் அதை வைத்து, என் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் மூச்சு விடாமல் குடித்தேன்.

"குடிச்சிட்டியாடி?" என்று வாசலில் வந்து நின்றாள் அத்தை.

"குடிச்சிட்டா" என்றாள் அம்மா. "இன்னும் வேணுமாங்கிறா."

அம்மாவின் தம்பி, என் மாமன், உள்ளேயிருந்து துண்டை உதறிக்கொண்டு வந்தான். "அப்பறம் என்ன? அந்த வூட்டு ஆளு வந்து தண்ணி நனஞ்சாச்சு. கூட்டிட்டுக் கெளம்புங்க."

"இது ஆளா? பச்சப் புள்ளப்பா இது! வாயெல்லாம் பழத்த வெச்சிக்கிட்டு!"

"புள்ளைக்கு ஒங்க வூட்டுத் தொண்டையா, எங்க வூட்டுத் தொண்டையா? அதச் சொல்லுங்க மொதல்ல."

தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக் கிழவர் ஒருவர், பொண்டுப்பிள்ளை குடித்தது செல்லாது என்றார். இன்னொருவர், ஆண் என்றும் பெண் என்றும் சட்டத்தில் இல்லை, வந்த ஆள் என்றுதான் இருக்கிறது என்றார். சொம்பு முழுக்கக் காலியானதா, மிச்சம் இருக்கிறதா என்று ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மீசை வைத்த ஆட்கள் ஐந்தாறு பேர், கூடையை உதைத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஒன்பது வயதுப் பிள்ளையின் தொண்டைக்குள் இறங்கின தண்ணீரைப் பற்றி வெயில் சாய்கிறவரை வழக்கு நடத்தினார்கள். அவர்கள் ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னாலேயே அம்மா மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றுவிட்டாள். காது குத்தின பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அத்தையும் எங்களோடு திரும்பினாள்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டாளா? சோத்தப் போடச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். ஊரில் எல்லோரும் என்னைக் "குடும்பத்தச் சேத்த புள்ள" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது, தாகம் எடுத்தால் குடிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஆள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அடுத்த பருவத்தில் வேறொரு கூடையை உதைத்தார். அந்தத் தொண்டை கிழடு தட்டித் தானாக அடங்கும்வரை அம்மா அதன் கீழேயே இருந்தாள். நான் பிள்ளை பெற்று, வெற்றிலை போடுகிற வயதுக்கு வந்த பிறகு, ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன்: "தெரிஞ்சேதானம்மா சொம்ப நீட்டுன?"

"நீ இருமுன. வேற என்ன பண்ணச் சொல்ற?" என்றாள். வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, "அந்த மனுசன் வந்து குடிச்சிருந்தா நல்லாருந்துருக்கும்" என்றாள்.

யாழினிக்குப் பரீட்சை முடிந்தது. செந்தில் குன்னம் போகிற வழியாக இல்லை. நான் ஒரு திட்டம் போட்டேன். ஒரு தடவை நடந்த வித்தை இன்னொரு தடவை நடக்காதா? பேத்தியைக் கூட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கூடைக்காரியிடம் முந்திரிப்பழம் வாங்கி, உப்பு மிளகாய்த்தூள் தொட்டு, அவளுக்கும் கொடுத்து நானும் தின்றேன். பிறகுதான் பார்த்தேன், அவள் தோளில் தண்ணீர் பாட்டில் தொங்குகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே போனாலும் தோளில் குளத்தை மாட்டிக்கொண்டு போகிறார்கள். இவர்களை வைத்து ஒரு சட்டத்தை நிறைவேற்ற முடியுமா? பாட்டிலை வாங்கி, ஸ்டாண்டு ஓரத்தில் நின்ற மரத்துக்கு ஊற்றிவிட்டேன்.

"அப்பாயி! ஏன் கொட்டுற?"

"பாரமா இருக்குடி."

"நான்தான தூக்குறேன்?"

பஸ்ஸில் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடுகள் இரண்டு பக்கமும் மொட்டையாகப் போய்க்கொண்டிருந்தன. பேச்சுக் கொடுப்பதற்காக, "அந்தக் கத்தரிக்காய்ப் படத்துல அப்பிடி என்னடி இருக்கு? சண்ட இல்ல, சாவு இல்ல, கல்யாணம்கூட இல்ல" என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதுல யாரும் கத்த மாட்டாங்க அப்பாயி. அந்தப் பொண்ணு ஒரு தடவ தட்டக் கீழ போட்டு ஒடச்சிரும். அப்பக்கூட. அந்த எடத்துல நான் ஒவ்வொரு தடவயும் பாப்பேன். இப்பயும் கத்த மாட்டாங்களான்னு."

எனக்குத் தொண்டை அரித்தது பழத்தால்தான். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

குன்னத்தில் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றோம். யாழினி ஓடிப் போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சுமதி என் முகத்தைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. "வாங்கத்த" என்று சொல்லிவிட்டு, வெயிலில் வந்தவர்களுக்குச் செய்கிற மரியாதையாக, உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பாவம், படித்த பிள்ளை, அவளுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அவள் அம்மாவுக்குத் தெரியும். சம்பந்தி நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் அந்தச் சொம்பையே பார்த்தாள். நான் இருமினேன். யாழினியும் இருமினாள். எல்லாம் திட்டம் போட்டபடி நடந்துகொண்டிருந்தது.

சொம்பைக் கையில் வாங்கினேன். ஜில்லென்று இருந்தது. நான் குடித்தால் போதும், என் அப்பாவைப்போல மகனும் கட்டிலை விட்டு எழுந்திருக்க வேண்டாம். யாழினி இன்னும் எத்தனை தடவை அந்தத் தட்டு உடைகிற இடத்துக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளோ.

சொம்பை யாழினி கையில் கொடுத்தேன். "சம்பந்தி, நல்லாக் கேட்டுக்கங்க. இவ ஒங்க வூட்டுப் பேத்தியா குடிக்கிறா. எங்க வூட்டு ஆளா இல்ல. லீவு முடியிற வரைக்கும் இங்கயே அம்மாயிகிட்ட இருக்கட்டும்."

"நீங்க குடிக்கலயா?" என்றாள் சம்பந்தி.

"எனக்கு வேணாம். குடிக்க வேண்டியவன் வருவான். வரலன்னா சொம்பக் கவுத்து வெச்சிருங்க."

சம்பந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுமதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அத்த, இருமிக்கிட்டே இருக்கீங்க, ஒரு வாயி குடிங்க" என்று கெஞ்சினாள். இன்னும் இருந்தால் குடித்துவிடுவேன் என்று உடனே கிளம்பினேன். குன்னம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பன்னீர் சோடா வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். பின்னே, நான் என்ன தியாகியா?

சாயங்காலம் செந்தில் லாரியை விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். வீட்டில் டிவி ஓடவில்லை, மிஷின் ஓடவில்லை, பிள்ளை இல்லை. குன்னத்தில் விட்டுவந்ததைச் சொல்லிவிட்டேன். ரசத்தில் உப்பில்லை என்று கத்துவதற்கு வாயைத் திறந்தான். கேட்க ஆள் நான் ஒருத்திதான், எனக்கோ பாதி காது கேட்காது என்பது அவனுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டான்.

"அங்க தண்ணி கொடுத்தாங்களா?" என்றான். சட்டம் தெரிந்தவன். என் வாயாலேயே இந்தக் கதையைச் சின்ன வயதில் நூறு தடவை கேட்டுச் சிரித்தவன்.

"கொடுத்தாங்க."

"குடிச்சியா?"

"இல்ல."

"ஏன்?"

"அது என் தாகம் இல்லடா."

நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். ஒவ்வொன்றாக, திருப்பித் திருப்பி, அவசரமில்லாமல். அப்படிக் கழுவினால் நேரம் போவது தெரியவில்லை என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன்; ஜப்பான்காரனிடம் சொல்லிவிடாதீர்கள்.

அந்த முந்திரிக்காடு இன்றும் இருக்கிறது, முசுறும் அங்கேயேதான் இருக்கிறது, போய்க் கடி வாங்க ஆசையுள்ளவர்கள் போகலாம். என் அப்பா இல்லை, அம்மா இல்லை, அத்தையின் குச்சி இல்லை. அந்தத் தண்ணீர்ச் சட்டமும் செத்துப்போய் வெகுநாளாகிறது. எல்லோர் தோளிலும் பாட்டில் தொங்குகிறது, யாரும் யார் வாசலிலும் போய்த் தாகமாக நிற்பதில்லை. செத்ததற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கடைசியாக ஒரே ஒரு தடவை அதைத் தட்டி எழுப்பி வேலை வாங்கினேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் செந்தில் குளித்தான். நல்ல சட்டை ஒன்றை எடுத்தான், பொத்தான் இல்லை, கத்தாமல் வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டான். பைக்கை எடுத்தவன் திரும்பி உள்ளே வந்து, வெயிலுக்கு என்று ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனான்.

"டேய்" என்றேன். "அந்தப் பாட்டில இங்க வெச்சிட்டுப் போ."

வேப்பமரத்தடித் திட்டில் பாட்டிலை வைத்துவிட்டுப் பைக்கைக் குன்னம் ரோட்டுப் பக்கம் திருப்பினான். வண்டிச் சத்தம் கல் லாரிகளின் சத்தத்தோடு கலந்து போனதும், பாட்டிலைத் திறந்து நான் குடித்தேன்.